இருக்கைக்கு அடியில்

புகார்ச் சீட்டில் ஒரே வரி:
மேடேறினால் சாகிறது.

ரெலாவ் அடுக்குமாடிகளுக்குப் பின்னால்
பாதி வெட்டிய மைதானம்.
வெட்டிய பக்கம் ஒரு பச்சை, வெட்டாத பக்கம் வேறு பச்சை.
இரண்டுக்கும் நடுவே
சிவப்பு வண்டி,
சண்டையில் யார் பக்கம் என்று சொல்லாதவன் மாதிரி.

சாவியைத் திருப்பினேன்.
ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லையிலும் வகை உண்டு.
பேட்டரி சாகும்போது ஒரு முனகலாவது வரும்.
சொலனாய்டு போனால் ஒரே ஒரு சொடுக்கு.
இது அது இல்லை.
காது நன்றாகக் கேட்கிற ஒருவர்
வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருப்பது இது.

மீட்டரை விரித்தேன்.
பேட்டரி பன்னிரண்டு புள்ளி ஆறு. பழுதில்லை.
ஃபியூஸின் வயிற்றில் இழை முழுசாக இருந்தது.
பெரிய முனை வரைக்கும் மின்சாரம் வந்து
கைகட்டிக் காத்திருக்கிறது;
சின்ன முனைக்கு உத்தரவு வரவில்லை.

வராத உத்தரவைத் தேடி
வயர் பிடித்துப் பின்னால் போனேன்.
வழியில் எலி கடித்த இடம்:
தோல் போயிருந்தது, செம்பு தப்பியிருந்தது, டேப் சுற்றினேன்.
பிரேக் சுவிட்ச், மிதித்தால் பீப்.
கத்தி சுவிட்ச், அணைத்தால் பீப்.
சேற்றில் மண்டியிட்ட முட்டி நனைந்து
ஆயேர் ஈத்தாம் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.

இருக்கையைத் தூக்கினேன்.

சுவிட்சைக் கழற்றிப்போட்டுவிட்டு
பிளக்கின் இரண்டு ஓட்டைக்குள்ளும்
ஒரு கொண்டை ஊசி.
வளைத்து, செருகி, கறுப்பு டேப்பால் கட்டி.
ஆறு மாத மழை அதற்குள் இறங்கியிருந்தது.
ஊசியில் துரு, பித்தளையில் பச்சை.
தொட்டால் உயிர், விட்டால் இல்லை.

"யார் வைத்தது?"

ஷொஹாக் புல்லைப் பார்த்தான்.
"சாயா, காக்."
நான்தான் அக்கா.
மேட்டில் ஒரு பக்கம் சாய்ந்தால், என்றான்,
வண்டி நான் இல்லை என்று நினைத்துவிடுகிறது.

சூப்பர்வைசர் ரோஸ்மான் போனில் சொன்னார்:
வேறு ஊசி போடு, நாளைக்கு யாரோ பெரிய ஆள் வருகிறார்.
போன வருஷம் புக்கிட் மெர்தாஜாமில்
ஆள் விழுந்த பிறகும் கத்தி சுற்றச் சுற்ற
வடிகால்வரை தானே போன வண்டியைக் கழுவியவள் நான்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

புது சுவிட்ச். உட்கார்ந்தேன். பீப்.
எழுபத்தொரு கிலோ,
வண்டி உடனே நம்பியது.
அவன் உட்கார்ந்தான்.
மீட்டர் வாய் திறக்கவில்லை.
நாற்பத்தெட்டு,
அதிலும் அந்த பூட்ஸ் இரண்டு சைஸ் பெரியது, இன்னொருவனுடையது.

அடியில் இரண்டு ஸ்பிரிங்.
என் கட்டைவிரல் தடிமன்.
எந்த ஊர் உடம்பை உட்காரவைத்து
இதை அளந்தார்களோ.

ஒன்றைக் கழற்றினேன்.

இப்போது உட்கார். பீப்.
இடதுபக்கம் சாய். பீப்.
வலது. பீப்.
எழுந்திரு. சத்தம் நின்றது.
அவன் மறுபடி உட்கார்ந்தான், பீப்,
எழுந்தான்,
உட்கார்ந்தான்,
போதும், மீட்டரின் பேட்டரி தீரும் என்றேன்,
சரி சரி என்று சொல்லிவிட்டு
இன்னொரு தடவை.

பில்லில் 'பழுது' என்ற கட்டம் ஒன்றரை அங்குலம்.
வயரிங், என்று எழுதினேன்.
அவன் ஒரு வரிசைதான் வெட்டியிருப்பான், மழை வந்துவிட்டது.

பாலத்தில் நெரிசல்.
சட்டைப்பையில் ஏதோ குத்தியது, துருப்பிடித்த ஊசி.
கழற்றிய ஸ்பிரிங் முன்கண்ணாடியடியில்
பிரேக் போடும்போதெல்லாம் உருண்டு வந்து
காலி இருக்கைப் பக்கம் நின்றது.