வலப்பக்கம்

தானே புயல் அடித்த வாரத்தில்
எழுபது கம்பம் ஏறி இறங்கியவன் நான்.
மஞ்சக்குப்பத்தில் யாரையும் கேட்டுப் பாருங்கள்.
அப்படிப்பட்ட லைன்மேனை
ஒன்றரை அடி உயரக் கட்டில்
கீழே தள்ளிவிட்டது.

விடியற்காலை நாலு மணி.
அஞ்சுகம் தண்ணீர் பிடிக்க எழுந்து போயிருந்தாள்.
அவள் விட்டுப்போன இடத்துக்குப் புரண்டேன்,
அவ்வளவுதான்.
கரண்ட் இல்லை. விசிறி அசையவில்லை.
விசிறிக்குப் பதில் அறை சுற்றியது:
பீரோ, காலண்டர், கொடியில் என் காக்கிச்சட்டை.
தரையில் கிடந்தபடி
கட்டில் காலைக் கட்டிப்பிடித்தேன்.
அரை நிமிஷம் இருக்கும்.

பித்தம் என்றார் டீக்கடையில் ஒருவர்.
கழுத்தெலும்பு தேய்ந்திருக்கும் என்று
மருந்துக்கடைக்காரர் பட்டை ஒன்று விற்றார்.
போர்மேன் பலராமனிடம் மட்டும் மூச்சு விடவில்லை.
ஏணியின் கீழே நின்று
பியூஸ் கம்பி எடுத்துக் கொடுத்தேன், தலை குனிந்தபடி.
அண்ணாந்தால் வந்துவிடும்.
அண்ணாந்து பார்க்க முடியாதவனுக்கு
மின்வாரியத்தில் என்ன வேலை?

இருபத்திரண்டு இரவுகள்
இரண்டு தலையணை வைத்து, இடப்பக்கம், சுவரைப் பார்த்து.
அஞ்சுகம் ஒன்றும் கேட்கவில்லை.
தம்பிக்குச் சொல்லாமல் பணம் கொடுத்ததற்குக்
கோபம் என்று நினைத்துக்கொண்டாளாம்.
பிறகுதான் தெரிந்தது.

அரசு மருத்துவமனையில் சீட்டு எழுதி அனுப்பிய அறையில்
தோள் பிடித்துக்கொண்டவர்கள்
கப்பிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
ஜெசிந்தா என்று கோட்டில் பெயர்.
"எந்தப் பக்கம் திரும்புனா வருது?"
அதுவரை யாரும் கேட்காத கேள்வி.

"கல்லு இடம் மாறியிருக்கு" என்றாள்.
கிட்னியிலா என்றேன். காதுக்குள் என்றாள்.
எல்லார் காதிலும் உண்டாம்.
தேவனாம்பட்டினத்தில் காலைக் கிழிக்கும் கிளிஞ்சல்
எதனால் ஆனதோ அதே சுண்ணாம்பு,
கண்ணுக்குத் தெரியாத பொடியாக.
எது மேல், எது கீழ் என்று சொல்வது அதன் உத்தியோகம்.
ஒட்டியிருந்த இடத்தைவிட்டு நாலு துகள் நழுவி
பக்கத்து வளைகுழாயில் இறங்கிவிட்டால்
தலை நின்ற பிறகும்
சுற்றுவதாகவே மூளைக்குத் தகவல் போகும்.
"லைன் மாத்திக் குடுத்த மாதிரியா?"
சிரித்தாள். "கிட்டத்தட்ட."

என் தலையைப் பாதி வலமாகத் திருப்பி
"கண்ண மூடாதீங்க" என்று
சட்டெனப் படுக்க வைத்தாள்,
கட்டிலுக்கு வெளியே தலை தொங்க.
வந்தது.
கம்பம் நிற்க, பூமி சாய்ந்தது.
அவள் மணிக்கட்டை நெரித்திருப்பேன்.
"கண்ணு துள்ளுது. அதத்தான் பாக்கணும்."
பத்து, இருபது, முப்பது எண்ணினாள்.
அடங்கியது.
தலையை இடமாகத் திருப்பிக் காத்திருந்தாள்.
உடம்போடு உருட்டி
மூக்கு தரையைப் பார்க்க வைத்துக் காத்திருந்தாள்.
பிறகு தூக்கி உட்கார வைத்தாள்.
சைக்கிள் பால்ரஸ் குண்டு குழாய்க்குள் விழுந்தால்
சாய்த்துச் சாய்த்து உருட்டி எடுப்போமே,
அது மாதிரி.
இழுக்கிற வேலையைப் பூமி பார்த்துக்கொள்ளுமாம்.
ஊசி இல்லை.
இரண்டாம் தடவை படுக்க வைத்தபோது
கண் துள்ளவில்லை.

"கல்லு போயிடும், பயம் கொஞ்ச நாள் இருக்கும்.
அதுக்கும் பயிற்சி இருக்கு."
மாடியில் நின்று கட்டைவிரலை விட்டுக் கண்ணெடுக்காமல்
தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறேன்.
இவர் யாரிடம் மாட்டேன் மாட்டேன் என்கிறார் என்று
எதிர்வீட்டுப் பையன் பார்க்கிறான்.
சில்வர் பீச்சில் சிமெண்ட் கோட்டின்மேல்
குதிகாலுக்கு முன்னால் குதிகால் வைத்து நடக்கிறேன்.
கம்பம் இன்னும் ஏறவில்லை.
வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறாள்.

முதல் நாள் இரவைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன்.
சுவரில் எந்த விரிசல் எங்கே போய் முடியும் என்று
எனக்கு அத்துப்படி ஆகியிருந்தது.
வலப்பக்கம் திரும்பினேன்,
மெதுவாக, கண்ணைத் திறந்துகொண்டே.
பீரோ பீரோவாக நின்றது.
அஞ்சுகம் தூங்கியிருக்கவில்லை.
"என்ன?" என்றாள்.
"ஒண்ணுமில்ல" என்றேன்.
"திரும்பினேன்."