என் கட்சிக்காரர்

பீட்டர்மாரிட்ஸ்பர்க், மூன்றாம் வார்டு.
பேச இருபது நிமிடம்.
பூபாலன் படையாச்சியின் சப்பாத்துகளில்
கயிறு இல்லை.
"கழற்றிக்கொண்டார்கள்.
இதையும் எழுதிக்கொள்ளுங்கள்."
எழுதினேன்.

நாலாம் படிவத்தில் அண்ணனின் கையெழுத்து:
இரவில் கூரையேறித்
தண்ணீர்த் தொட்டியோடு பேசுகிறான்.
"பேசினேன்தான். குழாயில் தண்ணீர் வந்து
ஒன்பது நாள்.
நகராட்சியோடு பேசினால் மட்டும்
பதில் வருகிறதா?"

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

"என்னை நம்புகிறீர்களா?"
நம்புவது வழக்கறிஞர் வேலையில்லை;
படித்த பதில்
நுனிநாக்குவரை வந்து நின்றது.
"வீட்டுக்குப் போகணும் என்கிறீர்கள்.
அதைச் சொல்வேன்.
கூட்டாமல், குறைக்காமல்."

மாத்திரை?
"போடுவேன். வீட்டில். என் தம்ளரில்."
தம்ளரை அடிக்கோடிட்டேன்.

மறுஆய்வுக் குழுவின் முன்
மருத்துவர் "நோயாளி" என்றார்,
அண்ணன் "இவன்" என்றார்,
தலைவி கோப்பு எண்ணை வாசித்தார்.
"என் கட்சிக்காரர்" என்று நான் எழுந்தபோது
யாரைச் சொல்கிறேன் என்று
பூபாலன் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

முடிவு தபாலில் வருமாம்.
எந்த முகவரிக்கு?
கேட்டது அவர்தான்,
நானல்ல.