மையின் அகலம்

மாரிட்ஸ்பர்க்கிலிருந்து வந்தவர் வரைபடத்தை மேசையில் விரித்தார்.
அது சுருண்டுகொண்டே இருந்தது.
ஒரு மூலையில் கஞ்சிப்பசை டப்பா,
ஒரு மூலையில் நொகுதூலாவின் தேநீர்க் கோப்பை,
மற்ற இரண்டுக்கும் என் உள்ளங்கைகள்.
எங்கள் கூலியின் எல்லையை
நானேதான் அழுத்திப் பிடித்திருந்தேன்.

வடக்கே இரண்டாம் வட்டம்:
மணிக்கு முப்பத்தைந்து ரேண்ட் இருபது.
தெற்கே முதல் வட்டம்:
நாற்பத்தொன்று அறுபது.
தெற்கே டர்பன் இருக்கிறதாம், பிழைக்கச் செலவாகுமாம்.
வடக்கே கரும்பு இருக்கிறது.
கடித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பார்கள்.

வித்தியாசம் ஆறு ரேண்ட் நாற்பது.
ஒன்பது மணி நேரத்தால் பெருக்கிப் பார்த்தோம்:
டாக்சிக்குப் போகவர,
ஒரு பிரவுன் ரொட்டி,
கையில் ஒட்டாத சில்லறை.

எங்கள் ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று கேட்டேன்.
விரலை வைத்துக் காட்டினார்.
விரலை எடுங்கள் என்றேன்.
அடியில் வெருலம் இருந்தது, எங்கள் கூரை இல்லை.
கூரை இருக்க வேண்டிய இடத்தில் கோடு.

கிருபாவதி துணி அளக்கும் ஸ்கேலை எடுத்து வந்தாள்.
கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர்.
ஐம்பதாயிரத்தில் ஒன்று என்று ஓரத்தில் எழுதியிருந்தது.
பாய்லர் ரிக்கி படையாச்சி கணக்கில் புலி,
காது சொறிந்தபடியே சொன்னான்:
தரையில் இருபத்தைந்து மீட்டர்.

இருபத்தைந்து மீட்டருக்குள்
சலவைக்கூடம், சமையல்கட்டு, நடுவில் ஒரு நடைபாதை,
மணிக்கூலிக்காரர் பதினொரு பேர்.
ஐயா, மைக்குள் நிற்பவருக்கு என்ன கூலி?

மூட்லி சிரிக்கவில்லை. நல்ல மனிதர்.
குறித்துக்கொண்டார்.
என் அப்பாவின் தெருவையும் ஒருநாள் ஒரு கோடு தாண்டிப் போயிருக்கிறது,
கட்டில் பீரோ எல்லாம் லாரியில் ஏறின.
அது வேறு கோடு, வேறு மை.
மூட்லியின் அப்பாவுக்கும் ஒரு லாரி வந்திருக்கும்.
நான் கேட்கவில்லை.

பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டோம்.
நொகுதூலா தன் பெயரை முழுதாக எழுதினாள்,
வாக்குச்சாவடியில் நிற்பவள் போல நிமிர்ந்து.

ஏழு மாதம்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில்
எனக்குக் கோடும் கொடியும் குழம்பிப்போகும்.
கொம்பில் சுழி போடு என்று
என் நோட்டு முழுக்கச் சிவப்பு.
இந்த ஏழு மாதமும் அதே குழப்பம்.
முற்றத்தில் கொடி கட்டிப் படுக்கை விரிப்பு உலர்த்துவேன்,
காற்று எழும்பினால் விரிப்பின் ஒரு பாதி
சமையல்கட்டுப் பக்கம் போய்
மசாலா வாசனையோடு திரும்பும்.
அந்தப் பாதியை எந்தக் கணக்கில் துவைத்தேன்?

பதில் வந்தது.
எங்கள் முறையீடு நியாயமானதாம்.
ஆகையால்
கோட்டை மெல்லியதாக்கிவிட்டார்கள்.

புதிய வரைபடத்தில் அது மயிரிழை.
நடைபாதையின் நடுவே போகிறது,
தரை துடைக்கும் வாளி வைக்கும் இடத்தில்.
சலவைக்கூடம் ஆறு பேர் முதல் வட்டம்.
சமையல்கட்டு ஐந்து பேர், பழையபடி.

முதல் வெள்ளிக்கிழமை சம்பளச் சீட்டை
நான்காக மடித்து ஏப்ரன் பைக்குள் போட்டேன்.
எட்டாகவும் மடித்துப் பார்த்தேன்.
மதியம் தட்டை நீட்டினேன்.
நொகுதூலா எப்போதும் போல இரண்டு கரண்டி அவரை ஊற்றினாள்.
கரண்டி நிறைய இருந்ததா, குறைந்திருந்ததா என்று
நான் பார்த்ததுதான் கேவலம்.
நிறையத்தான் இருந்தது.

மாலை டாக்சியில் இருவருக்கும் சேர்த்து நானே கொடுத்தேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
டர்பன் பக்கம் திரும்பும் வளைவில்
பர்ஸைத் திறந்து
தன் பங்கை, கடைசி ஐம்பது சென்ட்வரை எண்ணி,
எங்கள் இருவருக்கும் இடையே இருந்த இருக்கையில் வைத்தாள்.

நான் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.
வண்டி குலுங்க,
காசு ஒருமுறை என் பக்கம் நகர்ந்தது,
ஒருமுறை அவள் பக்கம்.