ஆமாம் என்றேன்

பீன்யாவுக்கு முன்னால் பஸ் நின்று இரண்டு மணி நேரம்.
மேம்பாலத்துக்குக் கீழே
கார்மென்ட்ஸ் பெண்கள் சாலையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.
எனக்குச் சர்க்கரை. அடிவயிறு முட்டுகிறது.
பக்கத்து இருக்கைக்காரர் கன்னடத்தில்
இவங்களுக்கு வேற வேலையே இல்ல என்கிறார்.
ஆமாம் என்றேன்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது
அது என் குரல் என்று.

இந்தக் குரலை முதலில் கண்டுபிடித்தவர்
நூற்புப் பிரிவில் யாரோ, பேர் தெரியாது.
மில் வாசலில் அப்பாவின் தூக்குச்சட்டியோடு நின்ற ஒன்பது வயதைத்
தோளில் ஏற்றிக் கத்து பாப்பா என்றார்.
கத்தினேன்.
நானூறு பேர் திரும்பக் கத்தினார்கள்.
போனஸ் என்றால் என்னவென்று தெரியாது எனக்கு.
வீட்டில் நான் நான்காவது பெண்.
அங்கே தண்ணீர் கேட்டால்கூட
பதில் வராது.

அப்புறம் காட்டன்பேட்டை மாடியில்
அரிக்கேன் வெளிச்சத்தில் படித்ததெல்லாம்
அந்த ருசிக்கு நான் தேடிக்கொண்ட காரணங்கள்.
பொய்க் காரணங்கள் என்று சொல்லவில்லை.
ருசி முந்தியது என்கிறேன், அவ்வளவுதான்.

இருபத்தாறு வயதில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.
வேலைநிறுத்தத்தின் அறுபத்தோராம் நாள்
அக்கா வீட்டுக்காரர் எத்திராஜுலு
பின்கேட் வழியாக உள்ளே போனார்.
ராத்திரி அவர் கதவில் தாரால் ஐந்தெழுத்து எழுதினேன்.
மந்திரம் இல்லை.
கருங்காலி.
கையெழுத்து முத்துமுத்தாய் இருக்கிறதென்றார்கள் தோழர்கள்.
உள்ளே குழந்தை இருமிக்கொண்டிருந்தது.
கேட்டது.
கேட்டதை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கோட்பாட்டுக்குள் வைத்தேன்.

தொண்ணூற்றொன்று டிசம்பர்.
தெருவில் பேர் கேட்டு அடிக்கிறார்கள்.
பதினேழு வருஷம் ஒரே மேடையில் நின்ற
ஹொன்னப்பாவின் கதவைத் தட்டினேன்.
உள்ளே விளக்கு அணைந்தது.
நாலாம் நாள் வந்து அழுதார், வீட்டில் பெண் பிள்ளைகள் என்று.
பரவாயில்லை என்றேன்.
அந்த விளக்கை வைத்துக்கொண்டேன்.
தேவைப்பட்டபோதெல்லாம் ஒருமுறை அணைத்துப் பார்ப்பேன்.

அந்த ராத்திரி படுத்தது எங்கே?
பத்மாக்கா வீட்டில்.
பச்சை பெயின்ட் இரண்டு பூச்சு அடித்திருந்தார்கள்.
இருட்டில் தட்டிய விரலுக்கு
தார் மேடு தட்டுப்பட்டது.
எத்திராஜுலு பாய் விரித்தார்.
ரசம் சூடு பண்ணட்டுமா என்றாள் அக்கா.
அவ்வளவுதான் பேசினோம்.
மன்னிப்புக் கேட்க ஒரு ராத்திரி முழுக்க இருந்தது.
தூங்கிவிட்டேன்.

மில்லை மூடினார்கள். இடித்தார்கள்.
நான் சம்பளத்துக்குப் போராடப் போனேன்,
மாதம் எட்டாயிரம், பயிற்சி முகாம், வருகைப் பதிவேடு, சமோசா.
கூட்டத்தில் ஜெயசீலி என்ற பெண்
மைக்குக்காகப் பக்கத்தில் வந்து நின்றாள்.
இரண்டே நிமிஷம் என்று சொல்லி
நாற்பது நிமிஷம் பேசினேன்.
பாதிக் கூட்டம் எழுந்து போனது.
அவள் மட்டும் நின்றுகொண்டே கேட்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன்.
கொள்கைக்காக இல்லை. மூத்திரம்.
சாலையில் உட்கார்ந்திருந்தவளிடம் காதில் சொன்னேன்.
கம்பெனி கேட் பூட்டியிருக்குமா, வாங்க என்று
நாலு பேர் எழுந்து
தண்ணீர் லாரிக்குப் பின்னால் துப்பட்டாக்களை விரித்து
முதுகைக் காட்டி வட்டமாக நின்றார்கள்.
வட்டத்துக்குள் குந்தியிருந்தேன்.
முதுகுகள் கோஷம் போட்டன.
எதற்கம்மா என்று கேட்டேன் உள்ளிருந்து.
பி.எஃப். பணத்துக்கு என்றாள் ஒருத்தி, திரும்பாமல்,
மெதுவாப் போங்க, அவசரமில்லை.

எழுந்தபோது முழங்கால் பிடித்துக்கொண்டது.
வாயைத் திறந்தேன்.
கோஷம் கன்னடத்தில் வேறு மெட்டில் இருந்தது,
இரண்டு முறை இடம் தவறியது எனக்கு.

பஸ் உறுமுகிறது. வழி விட்டுவிட்டார்கள் போல.
ஜன்னலில் அந்த மனிதர்
என் பையை உயரத் தூக்கிக் காட்டி
வாங்கம்மா, வாங்க என்கிறார்,
மாத்திரை டப்பா விழுந்துவிடாமல்
அடியில் ஒரு கை கொடுத்து.