தட்டு எண் இருபத்தேழு

கோத்தகிரிச் சாலையில் மூடிக்கிடந்த ஆலையை
ஒரு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்தாள் இமாகுலேட்.
கொழுந்து வாட்டும் மாடியில் நீளநீளத் தொட்டிகள்,
தொட்டிக்கு மேல் கம்பிவலை,
வலைமேல் வரிசையாய் நாற்பத்து மூன்று தட்டுகள்.
ஒவ்வொன்றிலும் செத்துப்போன ஒருவர்
கடைசியாய்ச் சாப்பிட்டது.

இதைக் கலை என்கிறார்கள்.
எனக்கு நாளுக்கு அறுநூறு ரூபாய்.
கூட்ட வேண்டும், குரங்கு விரட்ட வேண்டும்,
எதையும் கழுவக்கூடாது.
முப்பது வருடம் பாத்திரம் தேய்த்த கைக்கு
அந்தக் கடைசி வேலைதான் கஷ்டம்.

வீடு வீடாய்ப் போய்க் கேட்டு எழுதியிருக்கிறாள்.
தட்டுக்குத் தட்டு ஒரு சீட்டு:
அரை வர்க்கி, டீயில் நனைத்தது.
இளநீர், மூன்று ஸ்பூன்.
சாமைச் சோறும் அவரைக் குழம்பும்; நன்றாகத்தான் சாப்பிட்டார்,
கை கழுவ எழுந்தார்.
கேக், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு.
ஒன்று வெறும் தட்டு: தெரியாது, லாரியில் போயிருந்தான்.
அதன் முன்னால்தான் ஆட்கள் அதிக நேரம் நிற்கிறார்கள்.

வாடை ரோட்டுக்கு வந்த அன்று
சுகாதார ஆய்வாளர் வந்தார், நோட்டீசோடு.
கேக்கின் பச்சை ரோமத்தைப் பார்த்தார்.
லாரிக்காரன் தட்டைப் பார்த்தார்.
பேனாவை மூடிக்கொண்டு
'எங்கப்பா, ரவா உப்புமா' என்றார் என்னிடம்.
பிறகு படியிறங்கிப் போய்விட்டார்.

இருபத்தேழு எங்கள் வீட்டுத் தட்டு.
தவசிலிங்கம், 58. பால்.
நான்தான் அப்படிச் சொன்னேன்.
நாற்பத்து மூன்றில் பதினொன்று பால்.
ஊற்றியதை விழுங்கினாரா என்று
யாரும் கேட்பதில்லை.

இதே மாடியில் பத்தொன்பது வருடம் நின்றவர்.
ஒரு பிடி இலையை உள்ளங்கையில் இறுக்கித் திறப்பார்.
உருண்டை அப்படியே நின்றால் பதம்.
விரிந்துகொண்டால்,
'இன்னும் உயிர் இருக்கு, காத்து விடு.'

சிறுநீரகம் இரண்டும் போனபின்
வாரம் இரண்டு முறை மலை இறங்கினோம்,
ரத்தத்தை அலசிக்கொண்டு மலை ஏறினோம்.
உப்பு என்ற சொல்லைச் சீட்டில் எழுதி
அதன்மேல் சிவப்பாய்க் கோடு போட்டிருந்தார் டாக்டர்.
கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு தரம்
ஊறுகாய் பற்றிப் பேசுவார் இவர்.

அந்த ராத்திரி கஞ்சி வைத்தேன்.
ஒரே ஒரு துண்டு எலுமிச்சங்காய் கேட்டார்.
தீர்ந்துபோச்சு என்றேன்.
ஜாடி அவர் தலைக்கு நேரே அலமாரியில் இருந்தது.
அண்ணாந்து பார்த்தார்.
'சரி, தீர்ந்தா தீர்ந்தது.'
கஞ்சியும் அப்படியே இருந்தது.
விடியலில் அவர் கையை நான் மூடித் திறந்தேன்.
விரல்கள் விரியவில்லை.

ஒன்பதாம் நாள் ராத்திரி.
கீழே வாசலில் காட்டெருமை ஒன்று
பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது.
ஜன்னல் சட்டங்களின் வழியே மூடுபனி உள்ளே வந்து
தட்டு தட்டாய் முகர்ந்து போனது.
திரிந்து மஞ்சளாகிப்போன பாலைக் கொட்டினேன்.
தட்டைக் கழுவினேன். சாம்பல் போட்டு, இரண்டு தரம்.
வீட்டு ஜாடியிலிருந்து ஒரு துண்டு எடுத்து வைத்தேன்.
சீட்டை மாற்றவில்லை.

மற்றதெல்லாம் அதன்பின் வேகமாய்ப் போயின.
சோறு சாம்பல் நிறமானது, பிறகு கறுப்பு.
வர்க்கியை எறும்பு ஏலம் போட்டது.
உப்புமா இல்லையே என்று ஒருநாள் நினைத்துக்கொண்டேன்.
இருபத்தேழு மட்டும்
வைத்த அன்று போலவே எண்ணெய் மினுங்க இருந்தது.

கடைசி நாள் எல்லாவற்றையும் வாளியில் வழித்து
தேயிலைச் செடிகளுக்கு நடுவே குழி வெட்டிக் கொட்டினோம்.
இதன் முன்னால் வந்து நின்றாள் இமாகுலேட்.
சீட்டைப் படித்தாள். தட்டைப் பார்த்தாள்.
'இதை எப்ப சாப்பிட்டார்?'
'சாப்பிடலை.'

வாளியை நீட்டவில்லை அவள்.
நானும் கேட்கவில்லை.
எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

உப்பு கொஞ்சம் கூடத்தான்.
டாக்டர் சொன்னது சரி.