மேல் கோடு போடியாருக்கு

நாலு மாதம். இருபத்தொரு கிலோ.
களுவாஞ்சிகுடி மில்லில்
நெல் மூட்டை நிறுக்கிற தராசில்
ஏற்றி வைத்துப் பார்த்தோம்.
இறங்க மறந்து
பக்கத்து மூட்டையின் பொத்தலில்
மூக்கை விட்டுக்கொண்டு நின்றான்.
அங்கேதான் அவனுக்குப் பெயர் விழுந்தது: போடியார்.
ஒரு வரம்பு இல்லை, ஒரு வட்டவிதானை இல்லை,
விளைந்ததெல்லாம் தனக்கென்ற நினைப்பு மட்டும் உண்டு.

டொக்டர் சிஹாப்தீன் விலாவில் விரல் ஓட்டினார்.
"ரொட்வைலர். எலும்பு ஆறுதலாய் வளரட்டும்.
இப்பவே கொழுக்க விட்டால்
இடுப்புப் பூட்டுப் போயிடும்.
விலா கண்ணுக்குத் தெரியக்கூடாது,
கைக்குத் தெரியவேணும்."
மறுகா மேசைக்கு மேலால்
என்ட வயிற்றைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
மாட்டு டொக்டரின் எல்லை அதுவரைதான்.

எல்லை தாண்டியவள் சுகிர்தமலர்.
எனக்குச் சீனி இருநூற்று நாற்பதென்று
ஆசுபத்திரித் துண்டு வந்ததும் அதே கிழமை.
பால்ரின் சுண்டைக் கழுவிக் காயவைத்து
உள்ளே ஆணியால் இரண்டு கோடு கீறினாள்.
மேல் கோடு போடியாருக்கு.
கீழ்க் கோடு எனக்கு.

ஆறு மணி மீன்காரனின் ஹோன்
ஓந்தாச்சிமடப் பக்கம் கேட்கும்போதே
போடியார் படலையில் நிற்பான்.
அரைக்கட்டி சவர்க்காரம் தின்றிருக்கிறான்.
மகளின் கணக்குக் கொப்பியில்
பின்னம் இருந்த தாள்களைத் தின்றிருக்கிறான்
(அவள் அழவில்லை).
ஆறுதலாய்த் தின்னட்டுமென்று
தட்டின் நடுவே அம்மிக் குழவியை வைத்தோம்.
சுற்றி நக்கி முடித்தான்,
குழவியில் ஊறியிருந்த
போன வருடத்து மிளகாயையும் நக்கினான்,
தும்மினான்,
திரும்பவும் நக்கினான்.

மதிலுக்கு அங்கால் பூரணவதி அக்கா
சூரைத் தலையோடு நிற்கிறா.
"என்னகா, புள்ளயப் பட்டினி போடுறயளா?
வாயில்லாச் சீவன்."
வாயில்லாச் சீவனா?
அக்கா, வாயைத் தவிர
இவனிடம் வேறென்ன இருக்கு?
ஆனால் அந்தத் தலை மதிலைத் தாண்டும்போது
நானும் கொஞ்சம் எட்டித்தான் பார்த்தேன்.
மஞ்சளும் புளியும் போட்டு
அவித்திருந்தா.

"இரு" என்று பழக்கினோம்.
முதல் நாள் ஒரு நொடி,
பத்தாம் நாள் பத்து நொடி.
தட்டின் முன்னால் குந்தி
சுகிர்தமலரின் வாயையே பார்ப்பான்.
"ம்" என்ற சொல் வரும்வரை
கடைவாயிலிருந்து நூல் நூலாய் இறங்கும்.
மேசையில் நானும்
அவள் கரண்டியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.
எனக்கு "ம்" கிடையாது.

புதன்கிழமை இரவு கரண்ட் போனது.
எல்லோரும் நித்திரை.
மோட்டார்சைக்கிள் சீற்றுக்கு அடியில்
கல்முனையில் வாங்கிய மஸ்கட், கால் கிலோ.
கடதாசியை இழை இழையாய்ப் பிரித்தேன்,
என்ட காதுக்கே கேட்கவில்லை.
திரும்பினால் இருட்டில் இரண்டு கண்.

குரைக்கவில்லை.
யாரும் சொல்லாமலே குந்தியிருந்தான்,
முதுகு நேராக, காது முன்னால்,
பாடமாக்கியதை ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரி.
என் காலில் சொட்டுச் சொட்டாய் விழுந்தது.

பத்து நொடி போனது.
இருபது போனது.
நான்தான் தோற்றேன்:
அவனுக்குக் கொடுக்கவில்லை, சத்தியமாக,
டொக்டரின் விரல் ஞாபகம் இருந்தது.
என் பாதியை நின்றபடியே விழுங்கினேன்.
மீதியைப் பொதிந்து
குப்பைக் கிடங்கில் ஆழப் புதைத்தேன்.
கையைக் கழுவுமுன்
ஒவ்வொரு விரலாய் நக்கித் துடைத்தான்,
பெருவிரலை இரண்டு தரம்.

சனிக்கிழமை மில்.
போடியார் இருபத்திரண்டரை. "அளவு சரி" என்றாள்.
"நீங்களும் ஏறுங்க."
மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். ஏறினேன்.
முள் நடுங்கி நிற்குமுன்
அவன் பின்னங்காலில் எழும்பி
என் சட்டைப் பையில் முகத்தைப் புதைத்து
எதையோ கவ்வி எடுத்து
அவள் காலடியில் வைத்துவிட்டுக்
குந்தினான்.

சுகிர்தமலர் குனிந்து எடுத்து விரித்தாள்.
ஒரு துண்டுக் கடதாசி.
நடுவில் எண்ணெய்க் கறை,
சதுரமாய்.

"ம்" என்றாள்,
யாரைப் பார்த்தென்று தெரியவில்லை.