சாணக் கணக்கு

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த ஏட்டய்யா
செவ்வாய்ப்பேட்டை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து
உரக்க வாசித்தார்:
வனமயில், வயது நாற்பத்தாறு, மணமாகாதவர்.
தாய்லாந்துக்கு என்ன வேலையா?
யானைக்குச் சாணி அள்ள, என்றேன்.
சம்பளம்?
நான்தான் கட்டணும். நாற்பத்திரண்டாயிரம்.
பேனா கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.
‘சுற்றுலா’ என்று எழுதிக்கொண்டு
காப்பி வேண்டாம் என்று போய்விட்டார்.

இருபத்திரண்டு வருடம்
ஜவ்வரிசி மூட்டைகளில் குத்தூசி விட்டு
மாதிரி எடுத்தவள் நான்.
ஈரம் எவ்வளவு, வெண்மை எவ்வளவு,
மணி ஒழுங்காய் உருண்டிருக்கிறதா
என்று பார்த்துப் பார்த்தே
கண்ணாடியின் கனம் கூடியவள்.
முகாமில் அது ஒரே நாளில் தெரிந்துபோயிற்று.
வெள்ளைக்காரப் பிள்ளைகள்
யானை கழுவப் போக,
என்னிடம் பேரேட்டைக் கொடுத்தார்கள்.

மே கம். பெண். ஐம்பத்தெட்டு.
மரம் இழுத்தவள்.
இடது முன்காலில் சங்கிலித் தழும்பு.
காலை: பதினொரு உருண்டை, நார் அதிகம்.
மதியம்: நான்கு.
ஒன்றில் முழுசாய் ஒரு புளியங்கொட்டை.

அதைக் கழுவி எடுத்துவைத்தேன்.
சேலத்துக்குப் புளியங்கொட்டை!
கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான்,
தெரியும்.

வியாழன் பிற்பகலுக்கு அட்டவணையில்
‘உள்ளூர்ப் பண்பாடு’ என்று போட்டிருந்தது.
பாகன் சோ தா வா
மே கம்மின் காதோரம் ஏதோ முணுமுணுத்துவிட்டு
எங்கள் மணிக்கட்டுகளில் வெள்ளை நூல் கட்டினான்.
ஓர் உடம்புக்கு முப்பத்தேழு உயிராம்.
பயந்தால், பயணம் போனால்,
ஒன்றிரண்டு வழியில் நின்றுவிடுமாம்.
கூப்பிட்டுக் கட்டிவைக்க வேண்டுமாம்.

உங்கள் ஊரில் யானை உண்டா?
கேட்டது அவன். சொன்னது கைப்பேசி.
ஆனைமடுவு இருக்கிறது, என்றேன்,
வாழப்பாடிக்கு அந்தப் பக்கம், ஒரு அணை.
அவன் மொழியில் அது என்னவாய்ப் போனதோ
நிமிர்ந்து உட்கார்ந்தான்.
எத்தனை?
ஒன்றுமில்லை. பெயரில்தான்.

சிரிப்பான் என்று பார்த்தேன்.
இன்னொரு நூலைப் பல்லால் கடித்து அறுத்து
என் உள்ளங்கையில் வைத்தான்.
கைப்பேசி சொன்னது:
இது அந்தப் பெயருக்கு.

திரும்பி வந்த மாதம்
நாகலூரில் தங்கை வீட்டில் ஒரு ராத்திரி.
விடிகாலைப் பனியில் ஸ்கூட்டரில் இறங்குகிறேன்.
இருபது, பத்தொன்பது என்று
கொண்டை ஊசிப் பலகைகள் குறைந்துகொண்டே வர,
பதினான்கில் நடுரோட்டில் காட்டுமாடு.
கரும்பாறைக்கு யாரோ
வெள்ளைக் காலுறை மாட்டியதுபோல.

ஹாவ், என்றது என் வாய்.
மே கம்முக்கு அது ‘நில்’.
இது ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது,
எனக்காக ஒன்றும் இல்லை.
வாலைத் தூக்கிச் சாவகாசமாய்ப் போட்டுவிட்டு
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக்குகளுக்குள்
நடந்து மறைந்தது.
பின்னால் வந்த காப்பி லாரிக்காரர்
என்னக்கா வண்டி மக்கரா, என்று குரல் கொடுத்தார்.
நான் மாதிரிச் சீட்டின் முதுகில்
எழுதிக்கொண்டிருந்தேன்:
வளைவு பதினான்கு. காலை ஆறு பத்து.
ஒரு குவியல். ஆவி பறக்கிறது.

அடுத்த ஞாயிறு
வாழப்பாடி பஸ் ஏறி
மிச்சத்துக்கு ஷேர் ஆட்டோ பிடித்து
ஆனைமடுவு போனேன்.
தண்ணீர் குறைவாக இருந்தது.
இரண்டு பையன்கள் கெண்டைக்குத் தூண்டில் போட்டிருந்தார்கள்.
நூலை எதில் கட்டுவது என்று தெரியவில்லை.
கைப்பிடிக் கம்பி பொருந்தவில்லை,
வேலமரம் முள்.
புது நோட்டின் நடுப்பக்கத்தில் வைத்து மூடி,
முதல் பக்கத்தைத் திறந்து எழுதினேன்:

ஆனைமடுவு.
பார்த்த நேரம்: பத்து முதல் ஒன்றுவரை.
யானை: 0

கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
அந்தச் சுழியை இன்னொரு தரம் பார்த்தேன்,
பழக்கதோஷம்.
நன்றாகவே உருண்டிருந்தது.